சிலிராத்தா: செதில் மக்களுக்கு ஒரு பாம்புத் தெய்வத்தைப் படைப்பது எப்படி

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடும் ரோல்-பிளே ஆட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "அண்ணே, என் கதையில பல்லி மனுசங்க ஒரு கூட்டம் இருக்கு. அவங்களுக்கு ஒரு பாம்புச் சாமி வேணும். நல்ல பேரா ஒன்னு சொல்லுங்க."

பேர் கடைசியில் வரட்டும். பேரில் தொடங்கினால் கிடைப்பது ஒரு பொம்மை. ஏழு தலை, சிவப்புக் கண், பலிபீடம், கத்தியோடு ஒரு பூசாரி. இரண்டாவது ஆட்டத்திலேயே பிள்ளைகளுக்கு அது சலித்துவிடும்.

தெய்வம் எப்படிப் பிறக்கிறது என்பதை மலையகத்தில் இருக்கிற நாம் வேறெங்கும் போய்ப் படிக்க வேண்டியதில்லை. தேயிலை ஸ்டோருக்குள், அதாவது தொழிற்சாலைக்குள், பெரிய சக்கரம் வந்தது. அசந்தால் கையைப் பிடுங்கிவிடும் சக்கரம். அதற்குக் காவலாக ரோதை முனி வந்தார். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியை எடுக்கும் முன் கும்பிட கவ்வாத்துச் சாமி வந்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த மாரியம்மனும் முனியாண்டியும் இருக்கும்போதே, இந்த மண்ணின் வேலையும் பயமும் புதிய சாமிகளைப் பெற்றெடுத்தன. உங்கள் செதில் மக்களின் பாம்புத் தெய்வமும் அப்படித்தான் வரவேண்டும். அவர்களுக்கு எது பயம், எது வேலை, உடம்பு எதற்கு ஏங்குகிறது என்று பாருங்கள். அங்கேதான் சாமி இருக்கும்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளோடு ஆடி ஆடி நாங்கள் உருவாக்கிய ஒரு தெய்வத்தை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன். நீங்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம். உங்கள் மலைக்கு வேறொன்று தோன்றினால் இன்னும் சந்தோஷம்.

தேவையான சாமான்

ஒரு சி.ஆர். கொப்பி, பென்சில், 20 முகப் பகடை ஒன்று. டவுனில் பகடை கிடைக்காவிட்டால் 1 முதல் 20 வரை எழுதிய காகிதத் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுங்கள், கணக்கு ஒன்றுதான். ஆளுக்கு 5 புளியங்கொட்டை. மூன்று முதல் ஐந்து பேர். கதை நடத்த ஒருவர்.

இந்த வகை ஆட்டம் 1974இல் அமெரிக்காவில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயரில் அச்சில் வந்தது. அதன் அடிப்படை விதிகள் 2023 முதல் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் கிடைக்கின்றன, காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே நான் சொல்லும் முறைக்கு அந்த விதிகளும் கட்டாயமில்லை.

முதல் படி: குளிரை உடம்பில் ஏற்றுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். அவசரப்படாதீர்கள்.

பாம்பு, பல்லி, ஓணான் எல்லாம் உடம்புக்குள் சூட்டை உண்டாக்கி வைத்திருக்க முடியாதவை. வெயிலிலிருந்தும் கல்லிலிருந்தும் வாங்கித்தான் அவை உயிரை ஓட்டுகின்றன. குளிர்ந்தால் தசை மெதுவாகும், தின்றது செரிக்காது, அசைவு நின்றுபோகும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். தை, மாசியில் சில இரவுகளில் அங்கே புல்லின் மேல் பனி உறைந்து கிடக்கும், கொழுந்து கருகிப்போகும். அந்த இரவில் ஓர் ஓணான் மனிதன் வெளியே மாட்டிக்கொண்டால் அவனுக்கு என்ன நடக்கும்? கம்பளி போர்த்தினாலும் பலனில்லை. நமக்குக் கம்பளி கதகதப்பாக இருப்பது உள்ளே நம் சூடு இருப்பதால். உள்ளே சூடே இல்லாதவனுக்குக் கம்பளி வெறும் துணி.

இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொருவரையும் கேளுங்கள்: "உன் ஆள் காலையில் எழும்பியதும் முதல் வேலையாக என்ன செய்வான்?" எங்கள் மேசையில் வந்த பதில்களை இன்னும் கொப்பியில் வைத்திருக்கிறேன். கிழக்குப் பார்த்த பாறையில் யார் முதலில் இடம் பிடிப்பது என்று சண்டை வரும் என்றான் ஒரு பையன். வயசானவர்களுக்குத்தான் முதல் வெயில் என்றாள் ஒருத்தி. மழை மாதத்தில் ஒரு கிழமை முழுக்க வெயிலே வராவிட்டால் ஊரே படுத்துவிடும், அப்போது யார் காவல் என்று கேட்டாள் இன்னொருத்தி. அந்தக் கேள்வியில்தான் எங்கள் தெய்வம் கருக்கொண்டது. ஊரே அசைய முடியாமல் கிடக்கும்போது விழித்திருக்கும் ஒருத்தி வேண்டியிருந்தது.

பிறகு நான் அவர்களுக்கு மலைப்பாம்பைப் பற்றிச் சொன்னேன். தாய் மலைப்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டுகொண்டு, தசைகளை விட்டு விட்டுத் துடிக்கவைத்துச் சூட்டை உண்டாக்கும். சுமார் இரண்டு மாதம் அப்படியே கிடக்கும், பெரும்பாலும் இரை எடுக்காது. சூட்டை உண்டாக்கத் தெரியாத இனத்தில், பிள்ளைக்காக மட்டும் சூட்டை உண்டாக்கும் உடம்பு அது. பார்க்கிறவர்களுக்குப் பாம்பு குளிரில் நடுங்குவது போலத்தான் தெரியும்.

மேசையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

இரண்டாம் படி: எங்கிருந்து வந்தார்கள் என்று கேளுங்கள்

மலைப்பாம்புக்குப் பெயரில்தான் மலை இருக்கிறது. இலங்கையில் அதை அதிகம் காண்பது தாழ்நிலக் காடுகளில். அப்படியானால் தாய் மலைப்பாம்பாக உருவெடுத்த எங்கள் தெய்வம், எங்கள் ஆத்தா, கீழ்நாட்டுக்காரி. குளிர் மலைக்கு அவள் எப்படி வந்தாள்?

பதிலை நான் சொல்லவில்லை, பிள்ளைகளே சொன்னார்கள். அவர்களுக்குத் தெரிந்த கதைதானே. நம் முன்னோர் கடல் தாண்டித் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, கோப்பிக் காட்டுக்கு வந்த கதை. 2023இல் அதன் இருநூறாவது ஆண்டை நினைத்து அதே பாதையில் நம்மவர்கள் நடந்தார்கள். எங்கள் மேசையில் இருந்த ஒரு பெண்ணின் மாமாவும் கொஞ்சத் தூரம் கூட நடந்திருக்கிறார். எனவே எங்கள் செதில் மக்கள் சூடான சமவெளியிலிருந்து மலைக்கு வந்தவர்கள் ஆனார்கள். யாரோ மலையில் வேலை இருக்கிறது என்று சொல்லிக் கூட்டிவந்தார்கள். குளிரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. வரும்போது பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துவந்தார்கள். ஆனால் அது வெயிலில் காய்ந்த மண், மலை மழையில் கரைந்து போனது. புது இடத்தில் அவர்களுக்கு ஒரு கல்லும் ஒரு மரமும்தான் மிஞ்சின.

உங்கள் கதையில் இடப்பெயர்வு இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் ஒன்றை எழுதிவையுங்கள்: இந்தத் தெய்வம் இந்த இடத்துக்குப் பழையதா, புதிதா? புதிதென்றால், முன்பே இங்கே இருந்த சாமி எது? அதற்கும் இதற்கும் உறவு எப்படி? இந்த மூன்று வரி இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்காதீர்கள்.

மூன்றாம் படி: கும்பிடும் முறையை அவர்கள் உடம்பிலிருந்தே எடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். நம் கோயிலை அப்படியே தூக்கிப் பாம்புக்கு வைத்துவிடுகிறார்கள். பாலும் முட்டையும் படையல். கண்ணை மூடிப் பிரார்த்தனை. கொஞ்சம் யோசியுங்கள்.

ஊர்வனவற்றுக்குப் பால் கிடையாது. செதில் மக்களின் பேச்சில் "தாய்ப்பால்" என்ற சொல்லே இருக்காது. முட்டை? அது அவர்கள் பிள்ளை. தொட்டில் பிள்ளையை யாராவது படையல் வைப்பார்களா? எங்கள் ஆட்டத்தில் வெளியூர் வியாபாரி ஒருவன் மரியாதைக்காக ஒரு கூடை கோழி முட்டையோடு கோயிலுக்கு வருகிறான். அந்த ஒரு காட்சியை வைத்தே இரண்டு மணி நேரம் ஆடினோம்.

பாம்புக்கு இமை இல்லை. ஒரு கண்ணாடிச் செதில்தான் கண்ணை மூடியிருக்கும். ஆகவே பாம்பு உடம்புக்காரர்கள் கண்ணை மூடித் தியானிக்க முடியாது. ஓணானுக்கு இமை உண்டு, அவர்களால் முடியும். ஒரே கோயிலில் இரண்டு வகையும் நின்றால், கண் மூடுவது பக்தியா அவமரியாதையா என்று தகராறு வரும்.

பாம்புக்கு வெளிக்காது இல்லை. நிலத்தின் அதிர்வைத் தாடை எலும்பு வழியாக வாங்கிக்கொள்ளும். அப்படியானால் அவர்களுக்கு மந்திரம் எதற்கு? தப்பு மேளத்தைத் தரையோடு சேர்த்து அடிக்க வேண்டும். பக்தர்கள் தாடையைத் தரையில் வைத்துக் கிடப்பார்கள். நம்மூரில் தப்புச் சத்தம் கேட்டாலே உடம்பு முறுக்கேறுமே, அவர்களுக்கு அது எலும்புக்குள்ளேயே நடக்கும். பாம்பின் பிளந்த நாக்கு காற்றிலிருந்து வாசத்தை எடுத்து மேல்வாயில் உள்ள உறுப்புக்குக் கொடுக்கும். எனவே அவர்களின் வேதம் எழுத்தில் இருக்காது, புகையில் இருக்கும். எந்த மரப்பட்டையை எந்த வரிசையில் எரிக்க வேண்டும் என்று தெரிந்தவர்தான் பூசாரி. வரிசை மாறினால் பொருள் மாறும்.

எனக்கு மிகவும் பிடித்தது விக்கிரகம். தேயிலைக்குள்ளும் ஏலக்காட்டிலும் காணப்படும் பச்சை விரியனுக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு குழி இருக்கும். இருட்டில் இரையின் உடம்புச் சூட்டை அதனால் உணர முடியும். அப்படிப்பட்ட மக்கள் சாமிக்குச் சிலை செய்தால் எப்படிச் செய்வார்கள்? நமக்கு அது வெறும் கருங்கல். உள்ளே துளை போட்டு, சுடுநீர் ஓடவிட்டு, கல்லின் ஓரிடம் அதிகச் சூடு, ஓரிடம் குறைந்த சூடு என்று செதுக்கியிருப்பார்கள். விளக்கை அணைத்தால்தான் ஆத்தா தெரிவாள். மனித வீரர்கள் உள்ளே வந்து "இங்க ஒன்னுமே இல்லையே" என்று திரும்பிப் போவார்கள். கோயில் கட்டடத்துக்கு நாங்கள் பழைய தேயிலை ஸ்டோரைத்தான் எடுத்தோம். கொழுந்து வாட்டும் மாடியில் சூடான காற்று ஓடும் அல்லவா? அதைவிடப் பொருத்தமான கருவறை எனக்குத் தெரியாது.

நேர்த்திக்கடனையும் இப்படியே யோசியுங்கள். பாம்பு வாரக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். பட்டினி அவர்களுக்குத் தவம் இல்லை. வெயில் நாளில் நிழலில் இருப்பதுதான் தவம். எங்கள் மக்கள் அதை, நம் பேச்சில் சொன்னால், "நிழல் விரதம்" என்பார்கள். பல்லி இனத்தவருக்கு வாலை முறித்துக் காணிக்கை கொடுக்கும் வழக்கம் உண்டு. வால் திரும்ப வளரும், ஆனால் உள்ளே எலும்புக்குப் பதில் குருத்தெலும்புதான் இருக்கும், பழைய வால் போல இருக்காது. நேர்த்தி வைத்தவரைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். சட்டை உரிப்பதற்குச் சில நாள் முன்பு பாம்பின் கண் நீலம் பாய்ந்து மங்கிப்போகும். அந்த நாட்களில் அவர்களைத் தனிக் காம்பராவில் வைத்து ஊர் கவனித்துக்கொள்ளும். அப்போது அவர்கள் சொல்வதை ஆத்தாவின் வாக்கு என்று எடுத்துக்கொள்வார்கள். இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள்: இதைத் தீட்டு என்று எழுதாதீர்கள். ஒதுக்கி வைப்பதற்கும் பார்த்துக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்தப் பிள்ளைகள் வீட்டிலேயே கண்டிருப்பார்கள்.

நான்காம் படி: உள்ளேயே ஒரு கருத்து வேற்றுமை

எல்லாரும் ஒரே மாதிரி நம்பும் மதம் உயிரில்லாதது. எங்கள் பிளவு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு ஓணானிடமிருந்து.

நம் மேல்மலைக் காடுகளில் இரண்டு அபூர்வமான ஓணான்கள் இருக்கின்றன, உலகில் வேறெங்கும் இல்லை. ஒன்று மூக்கின் மேல் கொம்பு வைத்தது, அது முட்டையிடும். இன்னொன்று வாலால் கிளையைச் சுற்றிப் பிடிக்கும் சின்ன ஓணான். அது முட்டையிடாமல் குட்டி போடும். குளிர் மண்ணில் முட்டையைப் புதைப்பதைவிட, வயிற்றில் வைத்துக்கொண்டு வெயில் காய்ந்தால் குட்டிக்குச் சூடு கிடைக்கும். (இவற்றைக் கண்டால் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். பிடிப்பது சட்டப்படி குற்றம். இவற்றைத் திருட்டுத்தனமாக வெளிநாட்டுக்குக் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அது எனக்குப் பெரிய வயிற்றெரிச்சல்.)

எங்கள் செதில் மக்களும் அப்படி இரண்டானார்கள். முட்டையிடும் குடிகள், ஆத்தா உலகத்தை வெளியிலிருந்து சுற்றிக் காக்கிறாள் என்பார்கள். குட்டி போடும் குடிகள், அவள் உலகத்தை வயிற்றுக்குள் சுமக்கிறாள், நாம் இன்னும் பிறக்கவே இல்லை என்பார்கள். முதல் கூட்டத்துக்குச் சாவு என்றால் சுருளை விட்டு வெளியே விழுவது. இரண்டாம் கூட்டத்துக்கு அதுதான் பிறப்பு. ஒரே சாவு வீட்டில் ஒரு பக்கம் அழுவார்கள், மறு பக்கம் தப்படித்து ஆடுவார்கள். இரண்டு பக்கத்தையும் ஒருவர் மேல் ஒருவர் கை வைக்காமல் அந்த வீட்டிலிருந்து அனுப்பிவைப்பதுதான் எங்கள் மூன்றாவது ஆட்டத்தின் முழு வேலையும். வாள் சண்டை ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் இன்றைக்கும் அதைத்தான் பேசுகிறார்கள்.

ஐந்தாம் படி: கடன் வாங்கலாம், மிதிக்கக் கூடாது

இந்த நாட்டில் பாம்பு வழிபாட்டுக்குப் பஞ்சமில்லை. நயினாதீவில் நாகபூசணி அம்மன். அனுராதபுரத்தில் வாசற்படிக்கு இரு பக்கமும் காவற்கல். மனித உருவம், தலைக்குப் பின்னால் பாம்புப் படம், கையில் பூரண கும்பம். நாகதீபத்தில் ஒரு மணிச் சிம்மாசனத்துக்காக மகோதரன், சூளோதரன் என்ற நாக அரசர்கள், மாமனும் மருமகனும், சண்டைக்கு நின்றதையும் புத்தர் வந்து சமாதானம் செய்ததையும் சொல்லும் மகாவம்சம். முசலிந்தன் என்ற நாகம் மழையில் படம் விரித்துப் புத்தருக்குக் குடை பிடித்தது. நமக்கு ஆதிசேடன், வாசுகி, ராகு, கேது.

இவற்றிலிருந்து ஒரு கோலத்தை, ஒரு சம்பவத்தின் அமைப்பை எடுங்கள். பெயரையும் உருவத்தையும் அப்படியே எடுத்து அரக்கியாக்காதீர்கள். மேசையில் இருக்கும் ஒருவரின் அம்மா காலையில் விளக்கேற்றிக் கும்பிட்ட தெய்வம் அது. கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைக்குப் பாம்பென்றாலே சாத்தான் நினைவு வரலாம். முஸ்லிம் பிள்ளைக்குச் சாமி கும்பிடுவதுபோல் நடிப்பது சங்கடமாக இருக்கலாம். தொடங்கும் முன்பே எல்லாரிடமும் கேளுங்கள், வீட்டாருக்கும் சொல்லுங்கள். "என் ஆள் கும்பிட மாட்டான், ஆனா காவல் நிப்பான்" என்று ஒரு பையன் சொன்னான். அவன் பாத்திரம்தான் கடைசியில் கோயிலைக் காப்பாற்றியது.

நம் பெரியவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒரு பழக்கம் உண்டு. இரவில் பாம்பு என்று சொல்லமாட்டார்கள், பூச்சி என்பார்கள். எங்கள் மக்களும் சூரியன் விழுந்த பிறகு தெய்வத்தின் பெயரைச் சொல்வதில்லை, நம் பேச்சில் சொன்னால் "விழிச்சிருக்கிறவ" என்பார்கள். ஆட்டத்தில் யாராவது மறந்து பெயரைச் சொல்லிவிட்டால் ஒரு புளியங்கொட்டை கழியும்.

இதே படியில் என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். முதலில் நான் எழுதிய கதையில் ஆத்தா கோபித்தால் மலை சரியும். நன்றாக இருக்கிறதென்று நினைத்தேன். அதை வாசித்தபோது ஒரு தங்கச்சி பகடையை மேசையில் வைத்துவிட்டு எழும்பி வெளித் திண்ணையில், இஸ்தோப்பில், போய் நின்றாள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள், தோட்டத்து வரிசை வீடுகள், மண்ணுக்குள் போனபோது அவள் உறவுகள் அந்தப் பக்கம் இருந்தார்கள். எனக்குத் தெரியாது என்பது ஒரு சாட்டா? மண்சரிவு எந்தச் சாமியின் தண்டனையும் இல்லை என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். இப்போது எங்கள் உலகத்தில் மலை சரியும்போது ஆத்தா தன் முதுகைக் கொடுத்துத் தாங்கப் பார்க்கிறாள். சில வேளை தாங்க முடியாமல் போகிறது. இதை எழுதியது அந்தத் தங்கச்சிதான். பாம்புக் கடி விஷயத்திலும் அப்படியே. கொழுந்து மலையில் கடி வாங்கியவர்கள் ஒவ்வொரு லயத்திலும் இருப்பார்கள். விஷத்தால் துடித்துச் சாவதை வர்ணித்துக்கொண்டிருக்காதீர்கள்.

ஆறாம் படி: பிறப்பிலேயே கெட்டவர்கள் என்று ஒரு இனத்தை எழுதாதீர்கள்

பழைய கற்பனைக் கதைகளில் பாம்பைக் கும்பிடும் செதில் மக்கள் எப்போதும் ஒரே மாதிரி. சதி செய்பவர்கள், நரபலி கொடுப்பவர்கள். வீரன் வந்து கொன்று குவித்தால் கதை முடிந்தது. நான் இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஒரு கூட்டத்தை முழுசாக இவர்கள் இப்படித்தான் என்று எழுதிவைப்பது நமக்குக் கதை இல்லை. 1948இல் ஒரு குடியுரிமைச் சட்டம் வந்து, இந்த மலையில் உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அந்தச் சட்டத்தின் வரிகளுக்குள் யாருடைய முகமும் இல்லை.

அதனால் கெட்டவன் வேண்டுமென்றால் ஒரு ஆளை எழுதுங்கள், அவனுக்குக் காரணம் கொடுங்கள். எங்கள் கெட்டவர் கோயிலின் சுடுநீர்க் குழாயைத் தன் பிடியில் வைத்திருக்கும் தலைமைப் பூசாரி. யாருக்கு எவ்வளவு சூடு என்று அளந்து கொடுக்கிறார், கணக்கு எழுதுகிறார். அந்தக் கணக்கில் எப்போதும் நிறை குறையும். இதற்கு மேல் நான் விளக்கத் தேவை இருக்கவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்ற வீட்டுப் பிள்ளைகள் அவரை அந்த நிமிஷமே அடையாளம் கண்டுகொண்டார்கள்.

ஏழாம் படி: இப்போது பெயர்

செதில் மக்களுக்கு நம்மைப் போல் குவியும் உதடு இல்லை. ப, ம, வ சொல்ல முடியாது; உ, ஒ கூடச் சிரமம். "அம்மா" என்று அவர்களால் கூப்பிட முடியாது. ஆனால் "ஆத்தா" வரும்! இதைக் கண்டுபிடித்த அன்று மேசையில் ஒரே ஆரவாரம். நடுங்கிச் சூடு கொடுக்கிறவள், ஆகவே சிலிர். சிலிராத்தா. உதடு தொடாமல் சொல்லிப் பாருங்கள். ஸ், ஷ் என்று சீறும் எழுத்துகளை வரிசையாக அடுக்க வேண்டாம், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். நம் மொழியில் ழ, ள, ற, ங, ஞ என்று எவ்வளவோ இருக்கிறது.

எட்டாம் படி: விதிகள்

சுருக்கமாகச் சொல்கிறேன். 5 புளியங்கொட்டை ஒருவரின் உடம்புச் சூடு. குளிரில் ஒவ்வொரு காட்சிக்கும் 1 கழியும். வெயிலில், சூடான கல்லில் ஒரு காட்சிக்கு 1 கூடும். 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் வழக்கம்போல ஆடலாம். 2 இருந்தால் பகடையில் விழுவதில் 2 கழியுங்கள், 1 இருந்தால் 5 கழியுங்கள். 0 என்றால் உறைநிலை: சாவில்லை, ஆனால் யாராவது சூடு கொடுக்கும்வரை அசைய முடியாது.

ஆத்தாவின் வரம் ஒன்றே ஒன்று, "சிலிர்ப்பு". இன்னொருவரைத் தொட்டுப் பகடை உருட்டுங்கள். உங்களிடமிருந்து 1 கழியும். 12 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அவருக்கு 2 கிடைக்கும். அதற்குக் குறைந்தால் 1. இரண்டு கிடைக்க 20இல் 9 வாய்ப்பு. 1 விழுந்தால் இருவரும் சுருண்டு உறங்கிப்போவார்கள். கொடுத்தது ஒருபோதும் வீணாகாதபடி விதியை வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. வீணாகும் என்று பயந்தால் பிள்ளைகள் கொட்டையைப் பதுக்கத் தொடங்குவார்கள்.

நெருப்பு மழை, விஷ மூச்சு போன்ற வரங்களைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். முதல் ஐந்து ஆட்டம் வரை வேண்டாம்.

முதல் ஆட்டம்

மாசி இரவு, பனி விழுகிறது. கீழ்ப் பள்ளத்தாக்கின் முட்டைக் கூடத்தில் சுடுநீர் நின்றுவிட்டது. ஆறு முட்டைகளை விடியும் முன் மேலே கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் ஆறு காட்சிகள் போதும்: பீலிக்கரை, வழுக்கும் படிக்கட்டு, கான் நிரம்பி ஓடும் இடம், கணக்குக் கேட்கும் காவலாள், பனி மூடிய புல்வெளி, கோயில் வாசல். எந்த முட்டை யாருடையது என்று எழுதிவையுங்கள். ஒன்று மட்டும் வேறு குடியினருடையதாக இருக்கட்டும்.

புல்வெளிக் காட்சியில் எங்கள் மேசையில் நடந்தது இது.

"அண்ணே, எங்கிட்ட ரெண்டு கொட்டதான் இருக்கு. ஒன்ன இவளுக்குக் குடுத்துட்டா நான் என்னாவேன்?"

"ஒன்னுல நிப்ப. எந்த வேல செஞ்சாலும் அஞ்சு கழியும்."

"டேய், எனக்கு வேணாம்டா, முட்டைக்குக் குடு."

"முட்டைக்குக் குடுக்க ஏலுமா, அண்ணே?"

விதியில் அது இல்லை. பிள்ளைகள் விதியில் இல்லாததைக் கேட்டால் கொப்பியை மூடிவைத்துவிட்டு யோசியுங்கள். ஏலும் என்றேன். அன்றிலிருந்து அதுவும் விதி.

கோயிலை அடைந்ததும் முட்டை பொரித்ததா என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். ஒருவர் பகடையை உருட்டட்டும். விழுந்ததோடு எல்லாரிடமும் மிச்சமிருக்கும் கொட்டைகளையும் முட்டைகளுக்குக் கொடுத்த கொட்டைகளையும் கூட்டுங்கள். 25 அல்லது அதற்கு மேல் என்றால் எல்லாம் பொரிக்கும். 15 முதல் 24 வரை பாதி. அதற்குக் குறைந்தால் இன்றிரவு எதுவும் பொரிக்காது. ஆனால் செத்துப்போனதாக அறிவிக்காதீர்கள், இன்னும் நாள் வேண்டும் அவ்வளவுதான்.

எங்கள் நாலு பேருக்கும் சேர்த்து 7 கொட்டை. பகடையில் 9. மொத்தம் 16. மூன்று முட்டை பொரித்தது. மிச்ச மூன்றையும் இஸ்தோப்பில் போய் நின்ற அந்தத் தங்கச்சியின் பாத்திரம் தன் படங்கில் சுற்றி, வயிற்றோடு கட்டிக்கொண்டு, சுடுகல்லில் சாய்ந்து உட்கார்ந்தது. அடுத்த ஞாயிறு அங்கிருந்துதான் தொடங்கினோம்.